தங்கையின் செல்களும் என் செல்களும்

நானும் என் தங்கையும் பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உண்டான இரட்டையர் என்பதால் முகம், குரல், கையெழுத்தின் சாய்வு எல்லாம் ஒன்று. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் எங்களைப் பெரியவள், சின்னவள் என்று பிரித்துச் சொன்னதில்லை. ‘அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி’ என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சிவாஜிநகரில் என் தங்கையை இறக்கிவிட்ட பஸ் கண்டக்டர், அடுத்த நடையில் நான் ஏறியதைப் பார்த்து, இப்போதுதானே இறங்கினீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஆமாம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அந்தக் குழப்பம் எங்கள் இருவருக்குமே பிடித்திருந்தது.

1991இல் எனக்கு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை வேலை. இரண்டு வருடம் கழித்து, பள்ளி விளையாட்டு விழாவில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வீடு திரும்பியவளின் கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு மூக்கின் மேல் பாலம் போட்டதுபோல் ஒன்று சேர்ந்திருந்தது. வெயில் பட்டது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா கற்றாழை தடவினாள். சரியாகவில்லை. அடுத்த மாதம் விரல் மூட்டுகள் வலித்தன. சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை என்றாள். பிறகு காய்ச்சல். தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. தெரு முனை டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காய்ச்சலின் பெயரைச் சொன்னார். ஏழு மாதம் அப்படியே ஓடியது.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நோய்களைப் பார்க்கும் பெண் டாக்டரிடம் போனோம். மண்டியா பக்கத்துக்காரர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு என் தங்கையைப் பார்த்தார்.

"நோடும்மா, இங்க பாரு, நம்ம ஒடம்புல காவலுக்குன்னு செல்லுங்க இருக்கு. வெளியிலேர்ந்து கிருமி வந்தா அடிக்கும். ஒனக்கு அது வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்குது. லூபஸ்னு பேரு. முழுசா போக்கறதுக்கு மருந்து இல்ல. அடக்கி வெக்கலாம்."

"என் செல்லுக்கு என்னையே தெரியலையா டாக்டர்?" என்று என் தங்கை கேட்டாள்.

"தெரிஞ்சுதான் இருந்துது. எப்பவோ மறந்துடுச்சு."

"ஏன் மறந்துச்சு?"

"அது எனக்குத் தெரிஞ்சா ஃபாரின்ல கூப்பிட்டு பிரைஸ் குடுப்பாங்கம்மா."

அப்போதுதான் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ட்வின்ஸா? ஒனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். நோயாளிச் சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சிலுவைப் படத்தின் முன்னால் முழங்கால் போட்டாள். தங்கை படுத்துக்கொண்டாள். எனக்குள் அந்த இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரே வயிற்றில், ஒரே கருவிலிருந்து வந்தோம். ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர். அவளுடைய செல்கள் மறந்ததை என்னுடையவை ஏன் மறக்கவில்லை?

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். மூட்டு வலி போயிற்று. ஆனால் மூன்று மாதத்தில் அவள் முகம் நிலா மாதிரி உருண்டது. கழுத்துக்குப் பின்னால் சதை போட்டது. இருபத்து நான்கு வருடம் எங்களை அடையாளம் தெரியாமல் தவித்த தெரு, இப்போது ஒரே பார்வையில் பிரித்துவிட்டது. அவள் என்னோடு சேர்ந்து வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட அவள் முதல் ஆராதனைக்கும் நான் இரண்டாவதுக்கும் போனோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் அவளுக்கு அவளுடைய பழைய முகம் தெரிந்தது. எனக்குப் புரிந்திருந்தது.

நூலகத்தில் மருத்துவ ஆராய்ச்சி இதழ்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அவற்றில் முத்திரை குத்தி அடுக்குவது என் வேலை. முன்பெல்லாம் அட்டையோடு சரி. இப்போது பொருளடக்கத்தில் லூபஸ் என்ற சொல்லைத் தேட ஆரம்பித்தேன். கட்டுரைச் சுருக்கங்களை அகராதி வைத்துப் படித்தேன். பத்து வரி படிக்க ஒரு மதிய உணவு வேளை போகும். படித்து முடித்தால் பெரும்பாலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும்: காரணம் இன்னும் தெரியவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, இவ்வளவு படித்தவர்களும் தெரியவில்லை என்று எழுதுவதில் ஏதோ ஒரு சுவாரசியம் வந்தது.

அந்த இதழ்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிற ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். எங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்ததால் அவர் சட்டையில் எப்போதும் எலித் தீவனத்தின் வாசனை இருக்கும். ஒருநாள் அவர் கேட்ட இதழ் அலமாரியில் இல்லை. அது என் மேசையில், என் அகராதிக்குக் கீழே இருந்தது.

"மேடம், இத நீங்களா படிக்கீங்க?" என்றார்.

சொன்னேன். தங்கைக்கு லூபஸ் என்று சொன்னபோது தலையாட்டினார். நாங்கள் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் என்று சொன்னதும் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்களுக்கு இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஒங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நான் எலியப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார்.

எங்கள் இருவரின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். டாக்டரின் சம்மதம், நிறுவனத்தின் அனுமதி, கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் எல்லாம் சேர நான்கைந்து மாதம் ஆயிற்று. என் தங்கை உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"எலி கெடைக்கலைன்னா நாங்களா?" என்று கேட்டாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "ரத்தம் குடுக்கறேன். ஆனா என்னை அடிக்கிற அந்த செல்லை நான் என் கண்ணால பாக்கணும்."

1996இல் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் ஒன்றாக அந்த ஆய்வகத்துக்குப் போனோம். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். ரத்தம் எடுத்ததும், அந்த மாணவர் அதை நீளமான குழாய்களில் ஒரு தெளிந்த திரவத்தின் மேல் மெதுவாக வழியவிட்டார். குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து மூடினார். அரை மணி கழித்துத் திறந்தபோது சிவப்பு முழுவதும் அடியில் இறங்கியிருந்தது. மேலே மஞ்சள் நீர். நடுவில் மெல்லிய வெள்ளை வளையம், பால் ஆடை கிழிந்து மிதப்பது போல.

"இதான் காவல்காரங்க," என்றார்.

அந்த வளையத்தை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் துண்டுகளில் விட்டு மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார். என் தங்கைதான் முதலில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நான். உருண்டை உருண்டையாக, லேசாகப் பளபளக்கும் வட்டங்கள். ஒன்றோடொன்று இடிக்காமல் மிதந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

"இதுல எது கெட்டது?" என்று என் தங்கை கேட்டாள்.

"பாத்தா தெரியாது."

"இது என்னோடதா, இவளோடதா?"

"அதுவும் பாத்தா தெரியாது. சீட்டுல எழுதி ஒட்டியிருக்கறதாலதான் எனக்கே தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். அந்த மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. "இங்கயாவது நாம ஒரே மாதிரி இருக்கோம்டீ," என்றாள்.

மேசையைத் துடைத்துக்கொண்டே அவர் பேசிக்கொண்டிருந்தார். தாக்கும் செல்கள் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கின்றன என்றும், அவற்றைத் தாக்கவிடாமல் பிடித்து வைக்க வேறொரு வகைச் செல் இருக்கலாம் என்றும் சொன்னார். எலியின் உடம்பிலிருந்து அந்தப் பிடித்து வைக்கும் செல்களை நீக்கினால் எலியின் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிறதாம். சீக்கிரமாகத் திருப்பிச் செலுத்தினால் நோய் வருவதில்லையாம். இதைச் சொன்ன கட்டுரை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"மனுஷனுக்கும் அப்படியா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. பாதிப் பேர் நம்பவே மாட்டேங்காங்க. முன்னாடி ஒரு தடவ இதே மாதிரி ஒரு செல்லு இருக்குன்னு சொல்லி, அப்புறம் அது நிக்கல. அதனால இதப் பேசினாலே சிரிக்காங்க. எங்க கைடு, தீசிஸ் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதேன்னுட்டார்."

"நீங்க நம்பறீங்களா?"

"நம்புறதுக்கு ஒண்ணும் இல்ல. பாக்கணும்."

ஆறு வாரம் கழித்து அவர் நூலக மேசைக்கு வந்தார். கையில் இதழ் எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். தங்கையின் ரத்தத்தில், சொந்த உடம்பையே தாக்கும் எந்த எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்களோ, அது என் ரத்தத்திலும் இருந்தது. குறைவான அளவில். இரண்டு முறை சோதித்துப் பார்த்திருந்தார்.

"இது இருந்தா நோய் வரும்னு இல்ல. நெறையப் பேருக்கு இருக்கு, ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும்."

பயத்துக்கு முன்னால் கேள்விதான் வாயிலிருந்து வந்தது. "அப்ப எனக்குள்ள எது அதைத் தடுக்குது?"

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றார்.

நான் டாக்டரிடம் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கன்னத்தைப் பார்ப்பது பழக்கமாயிற்று. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தள்ளினேன். அம்மா அதைத் தங்கைக்காக நான் செய்யும் தியாகம் என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

1999இல் தங்கையின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. சிறுநீரில் புரதம் போனது. சிறுநீரகத்தை நோய் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தை மாதம் ஒரு முறை ஊசியில் ஏற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார்.

"வெளிநாட்டுல சில எடத்துல, ரொம்ப மோசமான கேஸுக்கு ஒண்ணு ட்ரை பண்றாங்க. ரத்தத்துலேர்ந்து ஸ்டெம் செல்லு, அதான் மத்த செல்லுக்கெல்லாம் வெதை மாதிரி, அத எடுத்து வெச்சுட்டு, பழைய காவல் படைய மருந்து குடுத்து மொத்தமா அழிச்சுடறது. அப்புறம் எடுத்து வெச்சத திருப்பி ஏத்தறது. புதுப் படை வளரும். பெரும்பாலும் நோயாளியோட சொந்த செல்லுதான். ஒங்க விஷயத்துல அக்காவோடத எடுக்கலாமான்னு நான் யோசனை பண்ணேன். இங்க இந்த நோய்க்கு யாரும் பண்ணதா எனக்குத் தெரியல. ரிஸ்க் ஜாஸ்தி. சிலர் செத்தும் போயிருக்காங்க. விஷயம் தெரியட்டும்னு சொல்றேன், அவ்வளவுதான்."

நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். மூன்று வருடம் வாயில் வைத்திருந்ததை. "என் ரத்தத்துலயும் அந்த ஆன்டிபாடி இருக்கு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தங்கை என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்லணும்மா," என்றார் டாக்டர். என்னையும் ஒரு சீட்டில் பதிந்து பரிசோதனைகள் எழுதினார்.

"அப்படின்னா என் செல்லை அவளுக்குக் குடுத்தா, அதுவும் கொஞ்ச நாள்ல மறந்துடாதா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரோடதும் ஒண்ணுதானே?"

"மறக்கலாம். மறக்காமலும் இருக்கலாம். நோய் பொறப்புலயே இருக்கா, இல்ல அந்த செல்லுங்க நடுவுல ஏதோ தப்பாக் கத்துக்கிச்சான்னு யாருக்கும் சரியாத் தெரியாது. கத்துக்கிட்டதுதான்னா, புதுசா ஆரம்பிச்சா சரியா வரலாம்."

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை மெதுவாகப் படியேறி வந்தாள். வீங்கிய காலோடு ஏன் ஏறினாய் என்று திட்டினேன். அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா தனியாவா பயந்துக்கிட்டு இருந்த?"

நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"எனக்குச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. டாக்டர் அந்த செல்லு மாத்தற விஷயத்தைச் சொன்னப்ப உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு நான் நல்லாகணுமா, இல்ல என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கணுமா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் கோபம் வந்திருக்கும். "ரெண்டும்," என்றேன். சொன்ன பிறகு அழுகை வந்தது.

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா உள்ள இருக்கற எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பாக்கற அளவுக்கு இல்ல. ஊசியே போட்டுக்கறேன்."

ஊசி முதலில் மாதம் ஒன்று. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஊசி போட்ட மறுநாள் முழுவதும் வாந்தி எடுப்பாள். நான் விடுப்புப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குழந்தை பிறக்காமல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள், அதுவும் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். 2001இன் முடிவில் கால் வீக்கம் வற்றியது. சிறுநீரில் போன புரதம் குறைந்தது. ஸ்டீராய்டைக் குறைத்தார்கள். முகம் பழையபடி ஆகவில்லை, ஆனாலும் இறங்கியது. பள்ளியில் முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று சேர்ந்தாள். ஒரு ஞாயிறு காலை அவளாகவே வந்து, "ரெண்டாவது ஆராதனைக்கு நானும் வரேன், இரு," என்றாள்.

ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கி வெளிநாடு போயிருந்தார். அவ்வப்போது மின்னஞ்சல் எழுதுவார். அங்கே போனதும் அந்தப் பிடித்து வைக்கும் செல்களின் பக்கமே போய்விட்டார். பலரும் நம்பாமல் சிரித்த செல்கள் உண்மைதான் என்று நிலைநின்றுவிட்டன, அவற்றை உருவாக்கும் ஒரு மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒருமுறை எழுதினார். அந்த மரபணு கெட்டுப் பிறக்கும் குழந்தைகளின் உடம்பு ஆரம்பத்திலிருந்தே தன்னைத் தாக்கிக்கொள்கிறதாம். நான் அதைத் தமிழில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். ‘அப்ப மனுஷனுக்கும் அப்படித்தான்’ என்றாள்.

2006இல் அவர் விடுமுறைக்கு வந்தபோது எங்களைப் பார்க்க லிங்கராஜபுரம் வந்தார். தலையில் பாதி முடி போயிருந்தது. மூன்று பேரும் மெயின் ரோட்டில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு காபி குடித்தோம். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று தங்கை கேட்டாள்.

"ஒருத்தர் ரத்தத்துலேர்ந்து அந்தப் பிடிச்சு வைக்கற செல்ல மட்டும் பிரிச்சு எடுக்கணும். ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். அத வெளிய வச்சு லட்சக்கணக்குல பெருக்கணும். அப்புறம் அவங்களுக்கே திருப்பி ஏத்தணும். படையவே அழிக்க வேண்டாம், அதிகாரிகள மட்டும் கூட்டினாப் போதும். அப்படி ஒரு யோசன."

"மனுஷங்களுக்குப் பண்ணியாச்சா?"

"இன்னும் எலிதான். பண்ணப் போறாங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"பத்து வருஷம்னு சொல்லுவேன். ஆனா எங்க ஆளுங்க எப்பக் கேட்டாலும் பத்து வருஷம்னுதான் சொல்லுவாங்க."

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு சந்தேகம். அந்த செல்லை வெளிய வளர்த்து உள்ள விடறீங்க. உள்ள சண்டை நடக்குது. அங்க போனப்புறம் அதுவே மனசு மாறி அடிக்கிறவங்க பக்கம் சேர்ந்துட்டா?"

அவர் தன் டம்ளரையும் கீழே வைத்தார். பிறகு, "அதத்தான் எங்க லேப்ல ரெண்டு பேர் பாக்காங்க. அப்படி நடக்குமான்னு யாருக்கும் தெரியல. நடந்தா ரொம்ப ஆபத்து," என்றார். "இந்தக் கேள்விய ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு என் செல்லு மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்," என்றாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. பதிமூன்று வருடமாக டாக்டர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கே பதில் தெரியாத ஒன்றைக் கேட்டிருந்தாள். கேட் திறக்கும்போது என்னிடம், "எலும்பு மஜ்ஜைல பொறக்கற செல்லுக்கு எது தன்னோடது, எது இல்லன்னு எங்க சொல்லிக் குடுக்கறாங்க? அதுக்கு ஒரு எடம் இருக்கணுமே?" என்றாள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, சில செல்கள் அங்கேதான் போய்ப் படிக்கின்றன என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே படிக்காத மாணவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அந்தச் சுரப்பியே கொன்றுவிடும் என்றேன். "ஐயோ பாவம்," என்றாள்.

என் ஆன்டிபாடி இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறேன். ஏறவும் இல்லை, மறையவும் இல்லை. எனக்கு நோய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் டாக்டர் இப்போதும் தோளைக் குலுக்குகிறார். தங்கைக்கு நோய் நடுவில் ஒருமுறை லேசாகத் தலைதூக்கி அடங்கியது. இரண்டு மாத்திரையோடு இருக்கிறாள்.

திருநெல்வேலிக்காரர் வந்துபோன அடுத்த ஜூனில் அவள் தலைமை ஆசிரியையிடம் கேட்டு ஏழாம் வகுப்பு அறிவியலை வாங்கிக்கொண்டாள். பாடப் புத்தகத்தில் வெள்ளை அணுக்களுக்கு நான்கு வரிதான் இருந்தது. அவள் அதற்கு மூன்று பீரியட் எடுத்தாளாம். ஒரு பிள்ளை எழுந்து, அந்தச் செல் ஏன் சொந்த உடம்பை அடிக்காமல் இருக்கிறது என்று கேட்டதாம்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அதைத்தான் எல்லாரும் தேடிக்கிட்டிருக்காங்க, எனக்கும் தெரியாதுன்னு சொன்னேன். மிஸ்ஸுக்குத் தெரியாதுன்னதும் கிளாஸே நிமிர்ந்து உக்காந்துடுச்சு," என்றாள்.